ஆயன் குழலும் அயலார் கருவியும்

பியானோ சீனதேயத்திற் பிறந்த கருவியன்று. அதன் முன்னோருள் ஒன்றாகிய கிளாவிக்கோட் என்னும் சிறு விசைக்கருவியை இத்தாலிய நாட்டுக் குருவாகிய மத்தேயோ ரிச்சி, 1601ஆம் ஆண்டிலே மிங் வமிசத்து வான்லி மன்னனுக்குக் காணிக்கையாக அளித்தார். அஃது அரண்மனையிலே ஒரு புதுமைப் பொருளாக நின்றதேயன்றி, நாட்டு மக்களின் இசை வாழ்க்கையோடு யாதொரு தொடர்பும் கொண்டிலது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே துறைமுகப் பட்டினங்கள் மேனாட்டார்க்குத் திறந்துவிடப்பட்ட பின்னரே மிஷன் பாடசாலைகள் வாயிலாகவும் வணிகர் இல்லங்கள் வாயிலாகவும் பியானோ அந்நாட்டிற் பரவலாயிற்று. சீனர் ஒருவர் இயற்றிய பியானோ உருப்படி முதன்முதல் அச்சேறியது 1915ஆம் ஆண்டில். மொழியியலறிஞராகப் பிற்காலத்திற் புகழ்பெற்ற சாவ் யுவான்ரென் என்பார் இயற்றிய 'சமாதான அணிவகுப்பு' என்பதே அது. மேனாட்டு அணிவகுப்பிசையின் நடையை அப்படியே பின்பற்றிய ஒரு பயிற்சி எனலாம். சீனம் அதன் தலைப்பிலுமில்லை, மெட்டிலுமில்லை.

1927இல் சாய் யுவான்பெய், சியாவ் யூமெய் ஆகிய இருவர் முயற்சியால் ஷங்ஹாய் நகரிலே தேசிய இசைக்கல்லூரி தோன்றியது. மேனாட்டு இசையிலக்கணத்தை முறையாகக் கற்ற சீன இளைஞர் கூட்டமொன்று அங்கே உருவாயிற்று. கற்றவர்களை எதிர்நோக்கி நின்றதோர் வினா உண்டு. அயல்நாட்டுக் கருவியிலே சொந்த நாட்டு இசை பேசுமா? பேசுமாயின் அஃது எவருடைய இலக்கணத்தின்படி பேசும்? நாட்டுப் பாடலொன்றை எடுத்து அதற்கு மேனாட்டு உடை அணிவித்துவிட்டால் இரண்டும் கலந்தனவாகிவிடும் என்று கருதுவார் அன்றும் இருந்தனர்; இன்றும் உளர். கலப்பு என்பது அத்துணை எளிதன்று என்பதைச் சுரங்களின் இயல்பு கொண்டே காட்டலாம்.

சீன நாட்டுப் பாடல்களுட் பெரும்பாலன ஐந்து சுரங்களால் ஆயவை. அச்சுரங்களைச் சீனர் குங், ஷாங், ஜுவே, ஜி, யூ எனப் பெயரிட்டழைப்பர். குங் என்பதை ஆதாரமாகக் கொண்டால் வருவது ச ரி க ப த என்னும் வரிசை. அதாவது கருநாடக இசை பயின்றோர் நன்கறிந்த மோகனத்தின் சுரங்கள். ஷாங் ஆதாரமாயின் மத்தியமாவதியும், ஜுவே ஆதாரமாயின் இந்தோளமும், ஜி ஆதாரமாயின் சுத்த சாவேரியும், யூ ஆதாரமாயின் சுத்த தன்யாசியும் பெறப்படும். கிரகபேதம் என்று கூறப்படும் இம்முறையின் பழந்தமிழ் வடிவத்தை விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே பாலைத்திரிபியலில் விரித்துரைத்துள்ளமை கற்றோர் அறிந்ததே. சீனருக்கும் இம்முறை தொன்மையானது. ஆயின் சுர வரிசை ஒன்றாயிருத்தல் கொண்டு சீன மெட்டும் இராகமும் ஒன்றென மயங்குதல் கூடாது. அலங்காரமும் நடையும் முற்றும் வேறு.

இவ்வைந்து சுரங்களுள் அடுத்தடுத்த எவ்விரண்டுக்குமிடையிலும் அரைச்சுர இடைவெளி இல்லை. சுத்த மத்தியமமும் காகலி நிஷாதமும் நீங்கியமையே இதற்குக் காரணம். மேனாட்டு இசையோ அந்த அரைச்சுரத்தின் மேலேயே தன் மாளிகையைக் கட்டியுள்ளது. நிஷாதம் மேற்சட்ஜத்தை நாடி ஏறும் ஏக்கமே ஓர் உருப்படியை முடிவுக்கு இழுத்துச் செல்லும் விசை. ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்துச் சுரக்கூட்டு அமைப்பது மேனாட்டார் வழக்கம். மோகனத்தின் ஐந்து சுரங்களை மட்டும் கொண்டு அவ்வாறு அமைக்கத்தக்க கூட்டுகள் இரண்டே: ச க ப என்பது ஒன்று, த ச க என்பது மற்றையது. ஏனைய கூட்டு எதனை அமைப்பினும் மத்தியமமோ நிஷாதமோ அழையா விருந்தினராய் உள்ளே புகுந்துவிடும். ப நி ரி என்னும் கூட்டு இல்லாமல் மேனாட்டு முடிப்பு இல்லை. அக்கூட்டு வந்தாலோ மெட்டின் ஐஞ்சுர அமைதி குலைந்துவிடுகின்றது. சீன மெட்டின் கீழே பள்ளிக்கூடத்துச் சுரக்கூட்டுகளை அடுக்கிய எத்தனையோ உருப்படிகள், தேவாலயப் பாட்டுப் போல ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

இவ்விடரைத் தாண்டுதற்கு வழி காட்டிய உருப்படி மூன்று நிமிட அளவினதான ஒரு சிறு படைப்பு. அதன் தோற்றத்துக்கு ஒரு போட்டி காரணமாயிற்று. ருசிய நாட்டிற் பிறந்து பாரிஸ் நகரிற் குடியேறியிருந்த அலெக்சாண்டர் செரெப்னின் என்னும் இசையாசிரியர் 1934இல் ஷங்ஹாய்க்கு வந்தார். சீனப் பண்பு வாய்ந்த பியானோ உருப்படி இயற்றுவோர்க்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். முதற்பரிசு 100 யுவான். அதனைப் பெற்றவர் ஹூனான் மாகாணத்திலே 1903இல் பிறந்து, தேசிய இசைக்கல்லூரியில் ஹுவாங் ட்சுவிடம் பயின்றுகொண்டிருந்த ஹெ லூதிங். பரிசு பெற்ற உருப்படி 'ஆயச் சிறுவனின் குழல்'. எருமை மேய்க்கும் பையன் அதன் முதுகின் மேலமர்ந்து குழலூதும் காட்சி சீனச் சித்திரங்களிலே பழகிப்போன ஒன்று. தலைப்பு அதனையே குறிக்கின்றது. பரிசளித்தவர் வெளிநாட்டார் என்பதைக் கொண்டு, அயலான் விரும்பிய சீனத்தைச் சீனர் இயற்றிக் கொடுத்தனர் என இகழ்வாரும் உளர். செரெப்னின் தாமும் ஐஞ்சுரப் பயிற்சிகளைப் பியானோவுக்கென இயற்றியவர். சீன, சப்பானிய இளைஞரின் ஆக்கங்களை அச்சிட்டு வெளியிட்டவர். அவர் வினாவை எழுப்பினாரேயன்றி விடையை எழுதிக் கொடுத்திலர்.

ஹெ லூதிங் கண்ட விடை யாது? முதற்பகுதியிலே அவர் சுரக்கூட்டையே ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார். வலக்கையில் ஒரு மெட்டு, இடக்கையில் ஒரு மெட்டு. இரண்டும் தனித்தனி இழைகள். இரு இழைகளைப் பின்னும் இக்கலையை மேனாட்டார் கவுண்டர்பொயிண்ட் என்பர். ஜெர்மானிய இசைப் பேராசான் பாக் என்பாரின் இருகுரற் பயிற்சிகளைப் பயிலாத பியானோ மாணாக்கர் இலர். ஹெ லூதிங்கும் அக்கல்வியிலேயே ஊறியவர். இங்கிலாந்து நாட்டு எபினேசர் புரௌட் எழுதிய ஆர்மனி நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர். எனவே கருவி மட்டுமன்று, முறையும் மேனாட்டினதே. ஆயினும் கேட்போர் செவிக்கு மேனாடு தோன்றுவதில்லை. மேலிழை ஓடும்போது கீழிழை ஒரு நீண்ட சுரத்திலே தங்கி நிற்கும். மேலிழை மூச்சு வாங்க நிற்குமிடத்துக் கீழிழை அசையத் தொடங்கும். ஒன்று சொல்ல, மற்றையது கேட்டிருந்து பின் தான் சொல்லும். ஷங்ஹாயைச் சூழ்ந்த ஜியாங்நான் பிரதேசத்திலே பட்டும் மூங்கிலும் எனப் பெயர்பெற்ற நாட்டுக் குழுவிசை ஒன்று உண்டு. பட்டு என்பது நரம்புக் கருவி. மூங்கில் என்பது குழல். அக்குழுவினர் எல்லாரும் வாசிப்பது ஒரே மெட்டுத்தான். எனினும் ஒவ்வொருவரும் தத்தம் கருவியின் இயல்புக்கேற்ப அதனை விரித்தும் சுருக்கியும் வாசிப்பர். நீ நிரப்பினால் நான் சுருக்குவேன், நீ மேலே போனால் நான் கீழே வருவேன் என்பது அவர்தம் எழுதா விதி. 'ஆயச் சிறுவனின் குழல்' முதற்பகுதியிலே இரு கைகளும் நடந்துகொள்ளும் முறை இவ்விதியோடு ஒத்திருத்தலைக் காண்க. பாக்கின் முறையும் நாட்டுக் குழுவினர் விதியும் சந்திக்கும் ஓர் இடத்தை ஹெ லூதிங் கண்டுகொண்டார் என்றே கூறல் வேண்டும். அவ்விடத்திலே இரண்டுக்கும் இடர்ப்பாடில்லை. நிஷாதத்தை அழைக்க வேண்டிய தேவையுமில்லை.

பிறிதொன்றும் கவனிக்கத்தக்கது. இவ்வுருப்படியின் மெட்டு எங்கிருந்தும் எடுக்கப்பட்டதன்று. ஆசிரியர் தாமே இயற்றியது. நாட்டிசையை ஆள்வோர்க்கு மூன்று படிகள் உண்டென ஹங்கேரிய அறிஞர் பார்ட்டொக் 1931இல் வகுத்துரைத்தார். நாட்டு மெட்டை அப்படியே எடுத்துத் துணையிசை சேர்த்தல் ஒன்று. நாட்டு மெட்டைப் போலத் தாமே இயற்றுதல் அடுத்தது. மெட்டோ அதன் சாயலோ இல்லாதிருந்தும் நாட்டிசையின் காற்று எங்கும் வீசுமாறு இயற்றுதல் மூன்றாவது. சீனப் பியானோ இசையிலே பலர் முதற்படியிலே நின்றுவிட்ட காலத்தில், ஹெ லூதிங் மாணவராயிருக்கும்போதே இரண்டாம் படியில் ஏறிவிட்டார்.

இதனால் அவ்வுருப்படி குற்றமற்றது என்பதன்று. நடுப்பகுதி விரைவு நடையிலமைந்தது. சிறுவன் துள்ளி விளையாடுவது போன்றது. அங்கே இடக்கை, இழையாயிருத்தலை விட்டுத் துணைக்கருவியாகிவிடுகின்றது. மொசாட் காலத்துச் சிற்றுருப்படிகளிலே கேட்டுப் பழகிய துணையிசைதான் அது. மாணாக்கர் இப்பகுதியையே விரும்பி வாசிப்பர். விரலுக்கு அது விருந்து. ஆயினும் முதற்பகுதியில் எய்திய உயரத்திலிருந்து ஆசிரியர் இங்கே ஒரு படி இறங்கிவிட்டார் என்பதை மறைத்தற்கில்லை. மூன்றாம் பகுதியில் முதல் மெட்டு மீண்டும் வருகின்றது. வெறுமனே வராமல், நுண்சுரங்கள் பூத்துக் குலுங்க வருகின்றது. சீன நாட்டுக் கலைஞர் இதனைப் பூச்சேர்த்தல் என்பர். மேனாட்டு மூன்று பகுதி அமைப்பு இங்கே வெறும் கட்டமாய் நில்லாது நாட்டு வழக்கத்தால் உயிர் பெறுகின்றது.

இவ்வழியைப் பின்வந்தோர் எல்லாரும் பற்றினர் எனக் கூறவியலாது. ஷங்ஹாயில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மானியர் வொல்வ்காங் பிராங்கெல் என்பாரிடம் கற்ற சாங் தொங், 1947இல் ஒரு புரட்சி செய்தார். 'அந்தத் தொலைதூரத்திலே' என்னும் பாடலின் மெட்டைச் சிதையாமல் வைத்துக்கொண்டு, அதன் கீழே எந்த ஆதார சுருதிக்கும் கட்டுப்படாத துணையிசையை எழுதினார். பள்ளிக்கூடத்துச் சுரக்கூட்டிலும் பார்க்க இம்முறையே ஐஞ்சுர மெட்டுக்கு இடையூறு குறைந்தது என்பது வியப்பாயினும் உண்மை. அழையா விருந்தினர் இருவர் வந்தாற்றான் வீட்டாருக்குச் சங்கடம். ஊரே திரண்டு வந்தால் வீட்டார் தனித்துத் தெரிவர். ஐஞ்சுர மெட்டுக்குரிய கூட்டுகள் யாவை என்பதை இலக்கணமாகவே ஆராய்ந்தவர் லீ யிங்ஹாய். 1959இல் வெளிவந்த அவரது 'ஹான் மக்களின் இசைநிலைகளும் அவற்றின் ஆர்மனியும்' என்னும் நூல் இத்துறையிலே அடிப்படை நூலாகப் போற்றப்படுகின்றது.

1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கியது. பியானோ முதலாளி வர்க்கத்தின் கருவி எனத் தூற்றப்பட்டது. அக்காலத்திலே அதனைக் காப்பாற்றியவருள் முதல்வர் யின் செங்சோங். 1968இல் 'செவ்விளக்கு' என்னும் இசை நாடகப் பாடல்களுக்குப் பியானோவைத் துணையாக வாசித்துக் கருவிக்கு உயிர்ப்பிச்சை வாங்கித் தந்தார். அடுத்த ஆண்டிலே அவரும் சூ வாங்ஹுவா முதலிய பிறரும் குழுவாகக் கூடி 'மஞ்சள் நதி' என்னும் பெரும் உருப்படியைப் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக அமைத்தனர். சியான் சிங்ஹாய் 1939இல் இயற்றிய பாடற்றொகுதியே இதற்கு மூலம். மூலத்திலே ஓடக்காரர் பாட்டு ஒன்றுண்டு. தலைவன் அழைக்க, துடுப்பு வலிப்போர் ஒருங்கே விடையிறுக்கும் உழைப்புப் பாடல் அது. பியானோ உருப்படியிலே அவ்வழைப்பும் விடையும் எண்கரங்கொண்டு அடித்தாற்போன்ற முழக்கத்தில் அமிழ்ந்துபோகின்றன. படகோட்டியின் குரலிலும் பார்க்க லிஸ்ட், ரக்மனினொவ் ஆகியோரின் குரலே மேலோங்கிக் கேட்கின்றது. மண்டபத்தை அதிரவைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றது. எனினும் மெட்டுச் சீனத்தது, பேச்சு மேனாட்டது. இருவர் ஒரே மேடையில் நிற்கின்றனரேயன்றி ஒருவரோடொருவர் உரையாடவில்லை.

இதனினும் மேலானவை 1972 முதல் 1975 வரை தோன்றிய சிறு ஆக்கங்கள். புதியன இயற்றுதல் ஆபத்தாயிருந்தமையால் ஆசிரியர்கள் பழைய நாட்டு உருப்படிகளைப் பியானோவுக்கு மாற்றியமைக்கலாயினர். குறுகிய வாயில்தான், ஆயினும் சிலர் அவ்வாயிலிலே நிமிர்ந்தே நுழைந்தனர். நாகசுரத்துக்கு உறவான சுவோனா என்னும் ஊதுகருவிக்குரியது 'பறவைகள் பல பீனிக்ஸை வணங்குதல்'. 1973இல் வாங் ஜியான்ஜோங் அதனைப் பியானோவில் அமைத்தார். சுவோனாவின் வளைவுகளைப் பியானோ ஒலிக்கமாட்டாது. விசையை அழுத்தியதும் சுருதி நிலைத்துவிடுகின்றது. ஆதலின் அவர் மெட்டின் சுரத்தோடு அதனை உரசும் அண்டைச் சுரத்தைக் கணநேரம் தீண்டிவிடுமாறு செய்தார். மோகனத்தில் இல்லாத அரைச்சுரம் இங்கே வருகின்றது. ஆனால் கூட்டின் உறுப்பாக அன்று, குரலின் கரகரப்பாக. மேனாட்டு இலக்கணத்திலே குற்றமாகக் கொள்ளத்தக்க அவ்வுரசல் ஒலி, ஈண்டு ஊதுகருவியின் உயிராகின்றது. லீ யிங்ஹாய் 1975இல் அமைத்த 'மாலை வெயிலிற் குழலும் பறையும்' பீப்பா என்னும் நரம்புக் கருவிக்குரியது. ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி வரவர விரைந்து தட்டும் தொடக்கம், தொலைவிலே பறை ஒலிப்பதைக் காட்டுகின்றது. கூட்டுமில்லை, மெட்டுமில்லை, காலத்தை நெகிழவிடும் நாட்டுக் கலைஞனின் கை மட்டுமே உண்டு. தாளக் கோட்டுக்குள் அடங்காத இவ்விடத்திலே, மேனாட்டு முறையில் மட்டும் பயின்ற விரல்கள் தடுமாறுவது இயல்பு.

எல்லாவற்றுக்கும் விடை உண்டென எண்ணுதல் தகாது. வூசி நகரத் தெருக்களில் வாசித்துப் பிழைத்த கண்ணிழந்த கலைஞர் ஆபிங், 1950இல் தமது உருப்படிகள் ஆறினைப் பதிவு செய்ய இசைந்தார்; அவ்வாண்டின் இறுதியிலேயே காலமானார். அவற்றுள் 'இரண்டாம் ஊற்றிலே நிலவின் நிழல்' எர்ஹு என்னும் இருநரம்பு வில்லிசைக் கருவிக்குரியது. 1972இல் சூ வாங்ஹுவா அதனைப் பியானோவில் அமைத்தார். அடக்கமான ஆக்கம், தேவையற்ற ஆரவாரம் இல்லை. எனினும் எர்ஹுவின் ஒரு சுரம் பிறந்த பின்னர் வளரும், கனக்கும், விம்மும், அடுத்த சுரத்தை நோக்கி வழுக்கிச் செல்லும். பியானோவின் சுரமோ பிறந்த கணத்திலிருந்து தேயத் தொடங்குவது. ஆபிங்கின் துயரம் சுரங்களில் இருந்ததிலும் பார்க்கச் சுரங்களுக்கு இடையிலேயே மிகுதியாயிருந்தது. அந்த இடைவெளியைப் பியானோ தாண்டமுடியாது. சூ வாங்ஹுவாவின் ஆக்கத்தைக் கேட்போர், அழகியதொரு சித்திரத்தின் கோட்டுப்படியைக் கண்டவராவர்.

இத்தகைய ஆக்கங்கள் தோன்றிய அதே காலத்திலே, இவற்றுக்கெல்லாம் வழி திறந்தவர் சிறையில் இருந்தார். 1949 முதல் ஷங்ஹாய் இசைக்கல்லூரியின் தலைவராயிருந்த ஹெ லூதிங், 1963இல் பிரெஞ்சு இசையாசிரியர் டெபுசியின் கட்டுரைகளை யாவ் வென்யுவான் என்பார் தவறாகப் பொருள் கொண்டு தாக்கியபோது, அதனை மறுத்தெழுதினார். அந்த யாவ் வென்யுவான் பின்னர் அதிகார பீடத்தில் ஏறிய நால்வருள் ஒருவர். 1968இல் ஹெ லூதிங் சிறைப்பட்டார். பொதுமக்கள் முன்னே நிறுத்தப்பட்டு, தொலைக்காட்சி வாயிலாக ஒளிபரப்பப்பட்ட கண்டனக் கூட்டத்திலும் குற்றச்சாட்டைப் பொய்யென மறுத்தார். 1973இல் விடுதலையானார், மீண்டும் கல்லூரித் தலைவராகி 1984 வரை பணியாற்றினார். டெபுசிக்காக அவர் வாதாடியதைச் சிலர் மேனாட்டு மோகம் என்றனர். ஆனால் டெபுசி 1889இலே பாரிஸ் கண்காட்சியில் ஜாவா நாட்டுக் கமெலான் இசையைக் கேட்டு, 1903இல் ஐஞ்சுரத்தை ஆண்டு 'கோபுரங்கள்' என்னும் பியானோ உருப்படியை இயற்றியவர். கீழைத்தேயத்திலிருந்து கற்க வெட்கப்படாத ஒருவரைக் கீழைத்தேயத்தார் கற்கலாகாது என்னும் வாதத்துக்கே ஹெ லூதிங் உடன்பட மறுத்தார். ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே பொருள்கொள்ள வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இரு இழைகளுள் ஒன்று ஓடும்போது மற்றையதை நின்று கேட்கச் செய்த அவருக்கு அஃது இயல்பே.

அவர் பதவியினின்றும் ஓய்வுபெற்ற அந்த 1984இல், பீஜிங் இசைக்கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த சென் யீ என்னும் பெண்மணி 'துவோ யே' என்னும் உருப்படியை இயற்றினார். குவாங்சி மாகாணத்துத் தொங் இன மக்களின் வட்டக் கூத்தே அதன் ஊற்று. கூத்திலே தலைவன் ஒரு வரியை எடுத்துப் பாட, ஏனையோர் கைகோத்தாடியபடி 'யா துவோ யே' என விடையிறுப்பர். சென் யீயின் சுரங்கள் கரடுமுரடானவை. ஹெ லூதிங்கின் இனிமையை அங்கே தேடுவார் ஏமாறுவர். ஆனால் தொடக்கத்தை ஊன்றிக் கேட்டல் வேண்டும். மேலே தனியிழையாக ஓர் அழைப்பு எழுகின்றது. அது நின்ற பின்னர், கீழே தடித்த குரலிற் கூட்டத்தின் விடை வருகின்றது. விடை முடியும்வரை மேற்கை விசைப்பலகையைத் தொடுவதில்லை.